எழுதி வாங்காத சம்மதம்

வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் இருபத்தாறு வருடம் தட்டச்சு வேலை பார்த்தேன். விற்பனைப் பத்திரம், பாகப்பத்திரம், வாடகை ஒப்பந்தம், எல்லைத் தகராறு நோட்டீஸ் எல்லாம் என் விரல்கள் வழியாகத்தான் போகும். வீடு கட்டப் போகிறவர்கள் வருவார்கள். கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் அவர்களைவிட அதிகமாக வருவார்கள். வக்கீல் கோர்ட்டிலிருந்து திரும்பும்வரை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் முதலில் சரி என்று சொன்னதையும் பிறகு மாறிவிட்டதையும் என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்பேன். எழுதி வாங்கினீர்களா? இல்லை என்று தலையை ஆட்டுவார்கள். இவ்வளவு படித்தவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில், பெரிய கோவிலுக்குப் பக்கத்தில், தெருவை ஒட்டி நீளமாகப் பின்னால் போகும் பழைய வீடு. மாமனார் போன பிறகு என் கணவரும் அவர் தம்பியும் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவர் பொது. இரண்டு வீட்டு உத்தரங்களும் அந்த ஒரே சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தன. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அந்தச் சுவரில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று பாகப்பத்திரத்தில் ஒரு வரி உண்டு. அந்தப் பத்திரத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. எங்கள் வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் கிணற்றடியைத் தாண்டி, ஐந்து படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார், படுக்கிற அறையை ஒட்டி, படி இல்லாமல் ஒரு குளியலறை வேண்டும், இவர் ஒருமுறை விழுந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று. அதனால் முற்றத்தின் ஒரு மூலையை மூடி அங்கே குளியலறை கட்டலாம் என்று முடிவு செய்தேன். அந்த மூலை நடுச்சுவரை ஒட்டி இருந்தது.

மைத்துனரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"தாராளமாப் பண்ணிக்கோங்கோ மன்னி. அண்ணாவுக்குன்னா நான் வேண்டாம்னு சொல்லுவேனா?" என்றார்.

ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அப்போதே தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனைவி உள்ளே என் கணவருக்கு ரசம் சாதத்தைப் பிசைந்து, ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நான் இருந்த பதினெட்டு நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். அவர்களிடம் போய்த் தாளை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

காண்ட்ராக்டர் அடுத்த தெருவில் தரைக்கு டைல்ஸ் போட்ட மலையாளி. நல்ல வேலைக்காரர் என்று சொன்னார்கள். வரைபடம் கேட்டேன், எல்லாம் மனதில் இருக்கிறது என்றார். மாநகராட்சி அனுமதி பற்றிக் கேட்டேன்.

"பெர்மிட்டா? இது ரிப்பெயரல்லே சேச்சி? ஒண்ணும் வேண்டா" என்றார்.

பூச்சு பூசுவது, வெள்ளையடிப்பது, தரையை மாற்றுவது இவையெல்லாம் ரிப்பேர். புதிதாகச் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் போட்டு, கழிவுநீர்க் குழாய் இறக்கினால் அது புதுக்கட்டடம், அனுமதி வேண்டும். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழமையைக் காப்பதற்காக அதற்கு மேலும் ஒரு பரிசோதனை உண்டு. இது எனக்குத் தெரியும். உரிமம் உள்ள இன்ஜினியர் வரைபடம் போட்டு, விண்ணப்பம் கொடுத்து, அனுமதி கையில் கிடைக்கச் சில மாதம் ஆகும் என்பதும் தெரியும். அன்று காலையில்தான் என் கணவரைக் கைத்தாங்கலாக ஐந்து படியும் இறக்கிக் கூட்டிப்போய், நாலாவது படியில் இரண்டு பேரும் சேர்ந்து சுவரில் சாய்ந்து நின்றிருந்தோம். சரி, ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள், கான்கிரீட்டின் விளிம்பைத் தாங்கவும் குழாயைப் புதைக்கவும் நடுச்சுவரில் மெஷின் வைத்து வெட்டினார்கள். சுண்ணாம்புச் சாந்தில் வைத்த பழைய செங்கல். வெட்டிய இடத்தோடு நிற்காமல் கூடை கூடையாக உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டிலிருந்து மைத்துனர் மனைவியின் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர்கள் பூஜையறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை, விரல் நுழையும் அளவுக்கு விண்டிருந்தது. சாமி படங்கள்மேல் பூச்சு விழுந்து இரண்டு கண்ணாடி உடைந்திருந்தன. மைத்துனர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. ரெண்டு நாள் வேலையை நிறுத்தி வையுங்கோ என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அவர் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். முந்தின வருடம், இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிக் கோவிலுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றலாம், பெரியப்பாவும் பெரியம்மாவும் வசதியாக ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னவன் அவன். நாங்கள் மறுத்துவிட்டோம். இப்போது வந்தவன் வெடிப்பை எல்லாப் பக்கமிருந்தும் மொபைலில் படம் எடுத்தான். எங்கள் வீட்டுக்கும் வந்து பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, முற்றத்தையும் படம் எடுத்துக்கொண்டு போனான். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே இரண்டு பக்கச் சுவரையும் நான் எடுத்து வைத்திருக்க வேண்டிய படங்கள் அவை.

திங்கட்கிழமை மாநகராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு, புகார் மனுவையும் படிக்கக் காட்டினாள். "என் சம்மதமோ அறிவோ இல்லாமல், பொதுச்சுவரின் உறுதியைக் கெடுக்கும் விதத்தில்..." என்று போனது. இந்தச் சொற்களை எத்தனை மனுக்களில் அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கீழே மைத்துனரின் கையெழுத்து.

"அவரே சம்மதிச்சதுதான்" என்றேன்.

"எழுதித் தந்திட்டுண்டா?"

"இல்லை. வாயால சொன்னார்."

அவள் முற்றத்தில் தோண்டியிருந்த குழியையும், அறை வாசலில் நாற்காலியில் இருந்த என் கணவரையும் பார்த்தாள். "அம்மா, வாயால பறஞ்சதை நான் ஃபைல்ல வைக்க முடியாதல்லோ" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. அவள்மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அவள் போனதும் நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். மைத்துனர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீதானே தாராளமாப் பண்ணிக்கோங்கோன்னு சொன்னே?"

"குளியலறை கட்டிக்கோங்கோன்னு சொன்னேன் மன்னி. சுவரை வெட்டச் சொன்னேனா?"

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். எதை எங்கே கட்டுகிறோம், சுவரில் எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுகிறோம் என்று ஒரு வரைபடத்தில் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க முடியாது.

காண்ட்ராக்டர் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவர்மேல் புகார் கொடுக்கலாம் என்றால், இன்ன வேலையை இன்ன விதமாகச் செய்கிறேன் என்று எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட என்னிடம் இல்லை. என் பழைய வக்கீலின் ஜூனியர் இப்போது அதே அலுவலகத்தை நடத்துகிறான். அவனிடம் போனேன். என்னுடைய நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். கட்டினதை முறைப்படுத்த விண்ணப்பிக்கலாம், ஆனால் சுவருக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறாரே, அவர் கையெழுத்து இல்லாமல் நகராது என்றான். கேஸ் போட்டால் சுவரை யார் சரி செய்வது என்று தீர்ப்பாக வருடக்கணக்கில் ஆகும். எல்லாம் உங்களுக்கே தெரியுமே சேச்சி என்று முடித்தான்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்தது. முற்றத்துக் குழி நிறைந்து, சேறு கூடம்வரை ஏறியது. தார்ப்பாய் கட்டினேன், காற்று அதைக் கிழித்தது. கொசு பெருகியது. அந்த மழையில் பின்படிகளில் அவரை இறக்க முடியாது. அதனால் அறையின் மூலையில் ஓட்டை வைத்த நாற்காலியைப் போட்டு, என் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். பாங்கில் அதிகாரியாக இருந்தவர் அவர். தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். அந்தத் திரைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்துவிட்டால், முடிந்த பிறகும் வெளியே கூப்பிட மாட்டார். அப்படியே உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் போன பிறகு நான் போய்ப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள், நாமும் கேஸ் போடலாம் என்று அவரிடம் சொன்னேன். அதற்குள் அவருக்குப் பேச்சு பாதி திரும்பியிருந்தது. வேண்டாம் என்றார். தம்பிமேல் கேஸ் போட்டுவிட்டு அந்தத் தெருவில் தன்னால் இருக்க முடியாது என்று, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார். சரி என்று எழுந்தேன். அவர் இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னியே. ஏன் வாங்கலை?"

உங்கள் தம்பி என்பதால்தான் என்று சொல்லியிருக்கலாம். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நாற்பது வருடக் கல்யாணத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

மழை முடிவதற்குள் மைத்துனர் மகன் மறுபடி வந்தான். எங்கள் பாகத்தை அவனே வாங்கிக்கொள்வதாகவும், புகாரைத் திரும்பப் பெற்றுவிடுவதாகவும் மரியாதையாகச் சொன்னான். பெரியப்பாவை இப்படிப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

விற்கச் சம்மதித்தோம். விற்பனைப் பத்திரத்தின் வரைவு வந்தபோது வாசித்துப் பார்த்தேன். வடக்கு எல்லையைத் தவறாக எழுதியிருந்தார்கள். நாளைக்கு அவனுக்குத்தான் சிக்கல் வரும். விட்டுவிடலாமா என்று அரைநாள் யோசித்தேன். கடைசியில் திருத்திக் கொடுத்தேன். பழக்கதோஷம்.

பதிவு அலுவலகத்தில் என் கணவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். விரல் நடுங்கி மெஷினில் சரியாகப் பதியவில்லை. மைத்துனர் முன்னால் வந்து அண்ணாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரலை அழுத்தி வைத்தார். அப்போது அழுதுவிட்டார். என் கணவர் தம்பியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அங்கே இருந்தவர்கள் பாசமுள்ள குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். பாசம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சாட்சிகளின் அடையாள அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மணக்காட்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். லிஃப்ட் உண்டு. குளியலறைக்குப் படி இல்லை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. அவர் தானாகவே போய்வருகிறார். ஸ்ரீவராகத்தில் விடுதி வேலை நடக்கிறதாம். உரிமம் உள்ள இன்ஜினியர், அனுமதி எல்லாம் முறையாக. மறுபக்கத்து அடுத்த வீட்டுக்காரரிடம் மகன் முத்திரைத்தாளில் சம்மதம் வாங்கியிருக்கிறான் என்று மைத்துனர் மனைவியே ஃபோனில் பெருமையாகச் சொன்னாள். நல்லது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மைத்துனர் வருகிறார். அண்ணாவும் தம்பியும் சேர்ந்து டிவியில் கிரிக்கெட் பார்ப்பார்கள். நான் காப்பி கொடுப்பேன். போன மாதம் டம்ளரைக் கொண்டு வைக்கச் சமையலறை வாசல்வரை வந்தவர் அங்கேயே நின்றார்.

"மன்னிக்கு இன்னும் என்மேல கோபமா?"

"ஆமாம்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். காப்பி கொடுத்தேன்.