நாலு எலுமிச்சம்பழமும் இரண்டு பாய்மரமும்

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு காலை, மலேசியாவின் போர்ட்டிக்சனில் சி ரூசா கடற்கரைக்கு எதிரே நடந்தது இது. என் படகு என்னிடம் தங்குமா, விலைபோகுமா என்று தீர்மானமான காலை.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன் நான். இருபது வருஷம் தோட்டத்துச் செம்மண் பாதையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓட்டினேன். இந்தப் பாதை கடலில் போய் முடியாதா என்று ஏங்கியபடியே ஓட்டினேன். ஐம்பது வயதில்தான் முடிந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய ‘கெட்ச்’ படகை எனக்கு மலிவாகத் தந்துவிட்டுப் போனார். இரண்டு பாய்மரம், அடியில் முன்முனையிலிருந்து பின்முனை வரை நீண்ட கனத்த கட்டை. பாயைச் சரியாக விரித்துவிட்டால் அதுவே நேராகப் போகும், சுக்கானைத் தொடாதே என்று சொல்லியிருந்தார். ஒரு டிரைவரிடம் சொல்கிற பேச்சா அது? நான் நம்பவில்லை.

என் மனைவிக்குக் கடல் என்றாலே பயம். “ஒரே ஒரு தடவ வரேன். எனக்கு ஒத்துக்கலன்னா வித்துடணும்லா” என்று சொல்லிவிட்டாள். வடக்கே லங்காவித் தீவு, அதற்கும் அப்பால் அந்தமான் என்று நான் கண்ட கனவெல்லாம் அவள் வயிற்றை நம்பி நின்றது.

புதிதாக வாங்கிய வண்டியைப் பூசை போடாமல் எடுப்போமா? தோட்டத்துக் கோயில் பூசாரியைப் படகுத்துறைக்கே அழைத்து வந்தோம். நாலு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

“சக்கரம் எங்கப்பா?”

“இல்ல சாமி.”

“அப்ப இத எங்க வச்சு நசுக்குறது?”

கடைசியில் சுக்கானுக்கருகே எங்கள் காலடியில் நாலையும் வைத்துவிட்டு, பாய்மரம் இரண்டுக்கும் திருநீறு பூசிவிட்டு இறங்கிக்கொண்டார்.

நாங்கள் இருவரும் துறையைவிட்டு வெளியே வந்ததும் கரைப்பக்கமிருந்து காற்று வந்தது. பாய்கள் மூச்சிழுத்த மார்பாகப் புடைத்தன. நானோ, குழிக்குக் குழி லாரியை ஒடிப்பதுபோல் அலைக்கு அலை சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். படகு நெளிந்தது. பழங்கள் இந்தப் பக்கம் உருண்டன, அந்தப் பக்கம் உருண்டன. அவற்றையே பார்த்திருந்த மனைவியின் முகம் வெளிறியது.

“ஏங்க… வாளி!”

சுக்கானை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். படகும் போச்சு, அந்தமானும் போச்சு. வாளியோடு ஏறி வந்தால், அவள் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துக் கீழே காட்டினாள். படகு சாய்ந்த பக்கத்தில் நாலு பழமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பின்னால் எங்கள் தடம் நீரில் நேர்கோடாக நீண்டது. சுக்கானைப் பிடிக்க ஆளே இல்லை.

“கடல் இல்லீங்க, நீங்கதான் என்னைய கொமட்ட வச்சிருக்கீங்க!”

என் கை தானாக நீண்டது. பட்டென்று தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க! சும்மா ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து பூசைப் பொங்கலை எனக்கு ஒரு கை, அவளுக்கு ஒரு கை என்று எடுத்து வைத்தாள். வாயில் பொங்கலோடு கேட்டாள்: “லங்காவிக்கு எத்தன நாளு ஆகும்?”

இப்போதும் எதையாவது பிடித்துத் திருப்ப விரல் துறுதுறுக்கும்போது, அசையாமல் கிடந்த அந்த நாலு பழங்கள் கண்ணில் வந்து நிற்கின்றன; இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.