பூரணி கட்டிவிட்டு வந்த படலை

கோரைவெளியில் ஆட்களே குடியிருந்ததில்லையாம். பட்டணத்தில் மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருந்த ஒரு பெரிய மனிதர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். வெறும் புல்லுத்தரை, மாரியில் தண்ணீர் நிற்கும், அங்கே யார் இருப்பார்கள் என்று எங்களையே கேட்டார். அவர் வாயில் மண் விழ. நான் அங்கே பிறந்தவன். பூரணி அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

கட்டைபறிச்சானைத் தாண்டித் தெற்கே போனால், வயல் முடிகிற இடத்தில் எங்கள் புல்வெளி தொடங்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மார்கழியில் ஆறு கரையேறி இடுப்பளவுக்கு நிற்கும். அப்போது மாடும் மனிதரும் ஒரே மணல் திட்டில் ஒண்டுவோம். வெள்ளம் வடிந்த பிறகு புல் கிளம்பும் பாருங்கள், உள்ளே நிற்கிற கன்றின் முதுகு தெரியாது. அந்தப் புல்லுக்காகத்தான் எங்கள் ஆட்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே குந்தினார்கள். எங்கள் தயிர்ச் சட்டிகள் மூதூரில் லோஞ்ச் படகு ஏறித் திருகோணமலைக்குப் போயின. அந்தத் தயிரைத் தின்ற வாய்தான் இன்றைக்கு அங்கே ஆளில்லை என்கிறது.

எண்பத்தைந்தில் எங்கள் வீடுகளை எரித்தார்கள். கட்டினோம். தொண்ணூறில் திரும்பவும் எரித்தார்கள். அந்த முறை பூரணியின் புருஷன் தவராசாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்றுவரை ஒரு சேதி இல்லை. பிள்ளையும் இல்லாதவள். மாடுகளை வைத்துக்கொண்டு தனியே சீவித்தாள். கன்றுக்கெல்லாம் பெயர் வைப்பாள், பெயர் சொல்லி ஏசுவாள்.

அவளுடைய மாட்டுப் பட்டியை ஒட்டி றுக்கியாவின் வயல். றுக்கியா மூதூர்ப் பெண். வேளாண்மைக் காலத்தில் புருஷனோடு வந்து வயல் வாடிக் குடிசையிலேயே தங்குவாள். ஒருமுறை பூரணியின் மாடுகள் கதிருக்குள் இறங்கிவிட்டன. அன்றைக்கு இரண்டு பேரும் வரம்பின் இரண்டு பக்கமும் நின்று போட்ட சண்டை மூதூர்ச் சந்தைவரை கேட்டிருக்கும். இரண்டும் சரியான வாய்க்காரிகள். கடைசியில் ஊரே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. கதிர் வந்தால் அறுவடை முடியும்வரை மாடு பட்டிக்குள்ளேதான். சொந்தக்காரர்தான் புல் அறுத்துப் போடவேண்டும், தண்ணீர் அள்ளி ஊற்றவேண்டும். பூரணி முணுமுணுத்துக்கொண்டே அதை ஒரு போகம்கூடத் தவறவிடவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி. சிறுபோக நெல் முற்றி நின்றது. காலையில் பூரணி தண்ணீர் ஊற்றி, பட்டி வாசல் படலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஷெல் விழத் தொடங்கியது. எல்லோரும் ஓடினோம். பின்னேரம் திரும்பலாம் என்றுதான் நினைத்தோம், அதனால் அவள் படலையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் றுக்கியாவின் நெல் போய்விடும். எங்கள் சனத்துக்கு அந்த நேரத்திலும் அந்த யோசனைதான்.

திரும்ப விடவில்லை. மறுநாள் பூரணி ஆற்றங்கரைவரை நடந்து போனாள். துவக்கோடு நின்ற இயக்கப் பெடியள் மறித்தார்கள்.

“அங்கால போக ஏலாது அம்மா. சண்டை நடக்குது.”

“உங்கட சண்டையை நான் மறிக்கேல்ல. படலையை அவிட்டுப்போட்டு வந்திடுறன், விடுங்கோ.”

விடவில்லை. சண்டை எங்களை வாகரைக்குத் தள்ளியது. அங்கே மரத்தடியில் கிடந்தோம். நிவாரண அரிசியோடு வந்த சிவகுருநாதன் என்கிற உத்தியோகத்தர் அவளுடைய கதையைக் கேட்டுவிட்டு, “மாடுதானே அம்மா. நீங்கள் உயிரோட வந்திட்டியள், அதை நினையுங்கோ” என்றார்.

“கட்டிவைச்ச உயிர் ஐயா அது. தண்ணிக்கு நான்தான் போகவேணும். நீங்கள் ஒரு நாள் தண்ணியில்லாமல் கிடந்து பாருங்கோ” என்றாள். அந்த அரிசியை அவள் வாங்கவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

மறு வருடம் ஊருக்குப் போக விட்டார்கள். பூரணி வீடு இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே பட்டிக்குப் போனாள். எலும்புகளை அவள் தனியே பார்க்கக்கூடாது என்று நானும் பின்னால் ஓடினேன். எலும்பு ஒன்றும் இல்லை. மாடும் இல்லை. படலை திறந்து கிடந்தது.

“எவனோ ஓட்டிக்கொண்டு போயிட்டான்” என்றாள். “போகட்டும். தண்ணி காட்டியிருந்தாச் சரி.”

கொஞ்ச நாளில் றுக்கியா வந்தாள். கந்தளாயில் அகதியாக இருந்துவிட்டு, வயலைப் பார்க்க வந்திருந்தாள். பூரணி வரம்பில் நிற்பதைக் கண்டு கிட்ட வந்தாள்.

“படலைய அவுத்து உட்டது நான்தான் அக்கா” என்றாள் றுக்கியா. “நாங்க வாடிக்குள்ள ஒளிச்சிருந்த. விடியக்குள்ள மாடெல்லாம் தண்ணிக்குக் கத்துது. கேட்டுட்டு இருக்க ஏலல்ல.”

“அவிட்டு விட்டா எங்க இறங்கும் எண்டு உனக்குத் தெரியாதோ?”

“ஏன் தெரியாது? என்ட வயலுக்குள்ளதான் இறங்கிச்சு. வாய்க்கால்ல தண்ணி குடிச்சிச்சு, நெல்லையும் திண்டிச்சு. பாத்துட்டுத்தான் நாங்க ஓடின.”

பூரணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “பாவி, அதை ஏனடி எனக்குச் சொல்லேல்ல? ஒரு வருசமா எனக்குச் சோறு இறங்கேல்ல. கண்ணை மூடினா அதுகள் நாக்கை நீட்டிக்கொண்டு நிக்குதுகள்.”

“எப்பிடிச் சொல்ற அக்கா? நீங்க வாகரையில, நான் கந்தளாயில. நடுவில ரெண்டு பகுதியிட துவக்கும்.”

பூரணி வரம்பில் குந்தி ஏசத் தொடங்கினாள். ஷெல் அடித்தவனை ஏசினாள், ஆற்றங்கரையில் மறித்தவனை ஏசினாள், தவராசாவைக் கொண்டு போனவனை ஏசினாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, வாய் நிற்கவில்லை. றுக்கியா சீலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். மூச்சு வாங்கப் பூரணி நிறுத்திய இடத்தில் அவள் ஏசத் தொடங்கினாள்.