குர்ஷித் பேகம் சொன்ன இரண்டாம் பாகம்

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடியில் இருக்கிற தையல் கூடத்தில் குர்ஷித் பேகத்துக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப்போகும் பருத்திச் சட்டைகளுக்குக் காலர் தைப்பாள். கை ஓடும்போதே வாயும் ஓடும். நாலு வருஷத்துக்கு முன் பார்த்த மாயாஜாலச் சண்டைப் படம் ஒன்றின் கதையை அவள் எடுக்காத நாள் கிடையாது. ராட்சதனிடமிருந்து தீவை மீட்கப்போன ராணி, சிறகு முளைத்த குதிரையோடு எரிமலை வாயில் பாய்வாள். அத்தோடு படம் முடிந்துவிடும். பாய்ந்தவள் என்ன ஆனாள் என்பதுதான் கூடத்தில் எல்லோருக்கும் கேள்வி.

இரண்டாம் பாகம் வந்ததும், "என்னை நம்பி வாங்கடி" என்று கூடத்தில் கூடத் தைக்கும் சைலஜாவையும் மற்ற பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகனுக்குக் காய்ச்சல் என்று காமேஸ்வரி மட்டும் வரவில்லை.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே குர்ஷித்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராணி செத்துப்போய், மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினாள். அவள் தம்பி என்று எங்கிருந்தோ ஒருவன் வந்து ஒரே வீச்சில் நூறு பேரைச் சாய்த்தான். சாய்த்த கையோடு ஆடினான். குர்ஷித் திரையை விட்டுவிட்டுப் பக்கத்து முகங்களைப் பார்த்தாள். ஒருத்தி செல்போனை நோண்டினாள். சைலஜா கொட்டாவி விட்டாள். குர்ஷித் துப்பட்டா முனையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். இடைவேளையில் தானே எடுத்த படம் ஊத்திக்கொண்ட மாதிரி, எல்லோருக்கும் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தாள்.

"இனிமே நல்லா இருக்கும் பாருங்கடி."

"நீ இன்னாக்கா பண்ணுவ, வுடு," என்றாள் சைலஜா.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

"படம்தானே," என்றார் கணவர் நசீர் அகமது.

"அவ குதிச்சது படம் எடுத்தவங்களுக்கே மறந்துபோச்சுங்க," என்றவள், எழுந்து போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

மறுநாள் கூடத்தில் குனிந்த தலை நிமிரவில்லை. காமேஸ்வரிதான் கேட்டாள்: "இன்னாக்கா, வாயே தெறக்க மாட்டேன்ற. எரிமலைல வுழுந்தவ இன்னா ஆனா?"

மெஷின் நின்றது. செத்துப்போனாள் என்று சொல்ல மனசு வரவில்லை.

"அவ சாவல," என்றாள் குர்ஷித். "அந்த நெருப்புக்குக் கீழ ஒரு ஊர் இருக்குது."

சைலஜா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். படம் பார்த்தவள், போட்டு உடைத்துவிடுவாளோ என்றிருந்தது குர்ஷித்துக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை. குதிரைக்குச் சிறகு கருகிவிட்டது, ராணி நடந்தே மேலேறினாள் என்று வேகவேகமாகச் சொன்னாள்.

"குதிரைய அங்கயே வுட்டுட்டாளாக்கா?" என்று கேட்டாள் சைலஜா.

"வுடுவாளா? தோள்ல தூக்கிக்கினு ஏறினா."

உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. குர்ஷித் எழுந்து, மெஷின்களுக்கு நடுவே நடந்தபடியே சொன்னாள். படம் பார்த்தவர்களும் தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம் வந்தபோது ராணி பாதி மலைதான் ஏறியிருந்தாள்.