நான் அழித்த மூன்றாவது வரி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு திங்கட்கிழமை காலை, கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் இயங்கிய சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராமர் வேலை. முதலாளியையும் சேர்த்து நாங்கள் நாலே பேர். பழைய டாஸ் புரோகிராம்களை விண்டோஸுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலம் முடிந்து, எல்லா ஆபீஸ்காரர்களுக்கும் மவுஸ் வைத்து வேலை பார்க்கும் ஆசை வந்திருந்த நேரம். அடுத்தவன் எழுதிய புரோகிராமின் கோடை, அதாவது அதன் கட்டளை வரிகளை, படித்துப் புரிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன். அதை நானே சொல்லிக்கொள்வதிலும் கெட்டிக்காரன்தான்.

கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை எழுதியவர் எப்போதோ ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். நோயாளியின் பெயர், ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண், மூன்று வரியில் முகவரி, போன் நம்பர், கடைசியாக வந்த தேதி. அதில் இருந்தது இவ்வளவுதான். ஒரு பட்டனைத் தட்டினால் இதெல்லாம் ஒரு லேபிளில் அச்சாகும். அதைக் கோப்பின் மேல் ஒட்டி டாக்டர் அறைக்கு அனுப்புவார்கள். இதை விண்டோஸுக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே வேர்டோடு இணைத்து, பிள்ளைகளின் தடுப்பூசிக்கு நினைவூட்டும் கடிதமும் உறையும் தானாக அச்சாகும்படி செய்து தர வேண்டும். அதுவரை அந்தக் கடிதங்களையெல்லாம் டைப்ரைட்டரில் அடித்துக்கொண்டிருந்தவர் கவுண்டரில் இருந்த அக்கா.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கிளினிக் திறந்த நாளிலிருந்து அங்கேதான் வேலை. வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த எஸ்டேட் தோட்டம், எந்த லயத்து வீடு என்று சொல்லிவிடுவார். தகவல்களை டிஸ்கெட்டில் நகலெடுக்க நான் போயிருந்த அன்றைக்கே அவர் என்னிடம், ஒரு நாள் கவுண்டரில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். எல்லாம் கோடிலேயே இருக்கிறது, அதைப் படித்தால் போதும் என்று சொல்லி டிஸ்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கவுண்டரில் உட்கார்ந்து இருமல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த கொமுட்டர் ரயிலைப் பிடிக்கிற அவசரம் வேறு.

ஆபீஸில் வைத்து முதல் உறையை அச்சடித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பெயர், தோட்டத்தின் பெயர், ஊர், அதற்குக் கீழே முகவரியின் மூன்றாவது வரியில் இரண்டு எக்ஸ் எழுத்தும் ஒரு பி-யும். இன்னொன்றில் இரண்டு எக்ஸும் ஒரு எஸ்ஸும். கோடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். இந்த எழுத்துகளை எந்த இடத்திலும் புரோகிராம் பயன்படுத்தவில்லை. யாரோ பயிற்சிக்காக அடித்துப் பார்த்த குப்பை என்று முடிவு கட்டினேன். எக்ஸில் தொடங்கும் மூன்றாவது வரிகளையெல்லாம் காலி செய்ய பத்து வரியில் ஒரு சின்ன ரூட்டின் எழுதினேன். ஒரே ஓட்டம், எல்லாம் சுத்தம். முதலாளியிடம் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார்.

கோப்புகள் எல்லாம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்ததால், புது சிஸ்டத்தோடு புதுக் கோப்பையும் தொடங்கிவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். பழையவற்றை மாடி அறையில் கட்டி வைத்துவிட்டார்கள். டாக்டர் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு டாக்டர் இரண்டு நாள் வந்து பார்ப்பார், கூட்டம் குறைவாக இருக்கும், அந்த நாளிலேயே ஆரம்பித்துவிடலாம் என்று நாள் குறித்ததும் நான்தான். இன்று நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தடுப்பாகப் பார்த்துப் பார்த்து என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாம் ஒழுங்காகவே போனது. லேபிள்கள் புது லேசர் பிரிண்டரில் பளிச்சென்று வந்தன. அக்கா ஒவ்வொன்றாக ஒட்டி உள்ளே அனுப்பினார். நான் பின்னால் ஒரு நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆறேழு பேர் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு லோரி டிரைவர் வந்தார். அவருடைய லேபிளைக் கையில் எடுத்த அக்கா அதை ஒட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவருக்கு மூணாவது லைன்ல ஒண்ணு இருக்குமே. காணோமே?"

"அது குப்பைக்கா. உறையில எல்லாம் அசிங்கமா வந்துச்சு. கிளீன் பண்ணிட்டேன்."

"எத்தன பேருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அக்காவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் லேபிளை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு, காலையிலிருந்து வந்தவர்களை எழுதும் நோட்டை இழுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு பெயரில் விரல் நின்றது. அடுத்த நொடி, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவர் சிகிச்சை அறையைப் பார்த்து ஓடினார். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

உள்ளே கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர். காலில் ஆணி குத்திய புண் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி முடித்து, அந்த அம்மாவின் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, போடாதீங்க. அவங்களுக்குப் பென்சிலின் ஆகாது."

அக்கா கத்தக்கூட இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவ்வளவுதான் சொன்னார். மிஸ்ஸியின் கை நின்றது.

பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய புரோகிராமில் ஒவ்வாமையைக் குறித்து வைக்க இடமே இல்லை. அதை எழுதியவரிடம் கேட்கலாமென்றால் ஆள் நாட்டிலேயே இல்லை. தோட்டத்து முகவரி இரண்டு வரியில் முடிந்துவிடும், மூன்றாவது வரி சும்மாதான் கிடக்கும். அதனால் டாக்டரும் அக்காவும் பேசி வைத்துக்கொண்டு, எந்த மருந்து ஆகாதோ அதன் முதல் எழுத்தை இரண்டு எக்ஸுக்குப் பக்கத்தில் அங்கே அடித்து வந்திருக்கிறார்கள். லேபிளில் அச்சாகிக் கோப்பின் நெற்றியிலேயே அது இருக்கும். டாக்டரும் மிஸ்ஸியும் முதலில் பார்ப்பதே அந்த வரியைத்தான். இந்த அம்மாவுக்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டிலில் பென்சிலின் ஊசி போட்டு, மூச்சு அடைத்து, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வந்திருந்த டாக்டர் மேல் குற்றமே இல்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று அவர் மலாயில் கேட்டிருக்கிறார். டாக்டருக்குத் தெரியும் என்று அந்த அம்மா பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை. முன்பும் பதிலுக்கு வந்து அந்த எக்ஸ் குறியைத் தெரிந்துவைத்திருந்தவர் என்பதால், வந்த டாக்டர் லேபிளைப் பார்த்தார். மூன்றாவது வரி காலி. நான் சுத்தம் செய்து வைத்திருந்தேனே.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தபோது அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் மொதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி. என் தப்பு," என்றார்.

அவர் சொல்லத்தான் பார்த்தார். கேட்காமல் ரயிலைப் பிடிக்க ஓடியவன் நான். அதைக்கூட அப்போது வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

புது சிஸ்டத்தை உடனே நிறுத்தினோம். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அன்று சாயங்காலம் எடுத்துப் போவதாக இருந்தது. நல்ல வேளை, இன்னும் அங்கேயே இருந்தது. அதில் மூன்றாவது வரி உள்ளவர்களை மட்டும் பட்டியலாக எடுத்தேன். பழைய பிரிண்டர் கறகறவென்று தாள்தாளாகத் தள்ளியது. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். இது பென்சிலின், இது சல்ஃபா, இது ஆஸ்பிரின் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எனக்குக் குப்பையாகத் தெரிந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். இவர் பையன் கப்பலில் வேலை செய்கிறான், இவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது, இந்தப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் பாதிப் பட்டியலில் இருந்தபோது அந்த அம்மா காலில் கட்டோடு மெல்ல நடந்து கவுண்டருக்கு வந்தார். வேறு மருந்து கொடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். வெளியே மகன் வேனோடு நின்றிருந்தான். அவர் நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புது கம்ப்யூட்டரு காட்டிக் குடுத்துருச்சாமே தம்பி. நல்லா இருப்பீங்க."

யார் அவரிடம் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. அவராகவே நினைத்துக்கொண்டிருக்கலாம். அக்கா பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் கையை விட்டதும் வேலை இருப்பதுபோலத் தாள்களை அடுக்கினேன்.

டாக்டர் திரும்பி வந்ததும் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியிடமும் சொன்னேன். டாக்டர் ஒவ்வாமைக்கென்று தனி இடம் ஒதுக்கிச் சிவப்பு எழுத்தில் வரும்படி செய்யச் சொன்னார். அக்கா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் புது சிஸ்டம் ஓட வேண்டும் என்றார். மறுபடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க நான் கவுண்டரில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோடு எனக்குச் சொல்லாத விஷயங்கள் இன்னும் நாலைந்து அங்கே கிடைத்தன.

அதற்குப் பிறகு ஷா ஆலம், அம்பாங் என்று எத்தனையோ ஆபீஸ்களில் பழைய புரோகிராம்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அர்த்தம் புரியாத எதையும், அதை அடித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்காமல் இன்றுவரை அழித்ததில்லை. டாக்டரிடம் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன், வேலைக்குச் சேரும் ஒவ்வொரு புதியவரிடமும் சொல்கிறேன். என்னை வாழ்த்திவிட்டுப் போன அந்த அம்மாவிடம் மட்டும், அவரைக் கொல்லப் பார்த்தது நான்தான் என்று சொல்லாமலே விட்டுவிட்டேன்.