செல்லப்பாண்டி மேல் ஒரு கோடு

"யக்கா, நல்லாப் பச்சை குத்துற ஆளாப் பாக்கணும். கூட வாங்க."

போன மாதம் ஒரு வெயில் மதியம். மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த என் முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னாள் ராஜாமணி. என் சித்தி மகள்.

"யாருக்குடி பச்சை?"

"எனக்குத்தான்."

"கையில இருக்கிறது போதாதா?"

"அதுதானக்கா பிரச்சினையே!"

அவளுடைய வலது கையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும், கடை போர்டு மாதிரி, 'செல்லப்பாண்டி' என்று பச்சை எழுத்து. கட்டிய புருஷனின் பெயர். கல்யாணமான புதிதில் மாமியார் திருவிழாவுக்கு அழைத்துப்போய்க் குத்திவைத்தது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாதாம். கையில் சுமந்தால் தப்பில்லையாம். அந்த வீட்டுச் சட்டம் அப்படி. ராஜாமணியை யாரும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள்.

சரி, அவர் கையில் இவள் பெயர் இருக்கிறதா என்று கேட்பீர்கள்...

செல்லப்பாண்டியின் கையிலும் 'செல்லப்பாண்டி' என்றுதான் இருக்கிறது! இளவட்டமாக இருந்தபோது தானே ஆசையாகக் குத்திக்கொண்டாராம். ஒரு குடும்பம், இரண்டு கை, இரண்டிலும் ஒரே ஆள்.

அந்த ஆள்தான் இவளை விட்டுவிட்டு வாடிப்பட்டியில் வேறு குடித்தனம் வைத்துவிட்டார். அழுது முடித்த ராஜாமணி, சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலைக்குச் சேர்ந்தாள். சமைக்க ஆள் உண்டு. ஆனால் பரிமாறும் கரண்டியை மட்டும் யாரிடமும் தர மாட்டாள். கடைசிப் பந்திக்குச் சோறு குறைந்துவிடுமோ என்று பயம்.

வந்தது வினை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் நேராக இவள் கை போய் நிற்கும். இரண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. சுவரில் இருப்பதைப் படிக்கும், பஸ்ஸில் இருப்பதைப் படிக்கும்... சத்துணவு டீச்சர் கையை விடுமா?

"செ...ல்...ல...ப்...பா...ண்...டி! டீச்சர், செல்லப்பாண்டி யாரு டீச்சர்?"

ஒரு பிள்ளை கேட்டால் சிரித்து மழுப்பலாம். தினமும் ஒரு பந்தியே கூட்டிப் படித்தால்?

இது போதாதென்று வாடிப்பட்டி டீக்கடையில் அந்த மனுஷன் பேசிய பேச்சு ஒன்று பஸ் ஏறி சமயநல்லூர் வந்து சேர்ந்தது. "அவ எங்க போயிருவா? என் பேருல்ல கையில இருக்கு!"

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும். இந்தக் கையோட நான் அந்தப் பந்திக்கு முன்னால போய் நிக்க மாட்டேன்" என்றாள்.

நானும் பெரிய யோசனைக்காரி மாதிரி, "முழுக்கை ஜாக்கெட் தச்சுப் போட்டுக்கயேன்" என்றேன்.

பார்த்தாளே ஒரு பார்வை!

"மறைச்சுக்கிட்டுத் திரிய நான் என்ன களவாண்டேனா? தாலியைக் கழட்டிப் பீரோவுல வச்சுட்டேன். கையை எங்கன கழட்டி வைக்க? பேரு மேல ஒரு கோடு போடணும்க்கா. நேரா, ஒரே கோடு. அம்புட்டுத்தான்."

வடகத்தைக் காக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது சித்திரைப் பொருட்காட்சிக்கு. ராட்டினத்துக்குப் பக்கத்தில், பேட்டரி மெஷின் வைத்து ஒருவர் பச்சை குத்திக்கொண்டிருந்தார். பின்னால் பெரிய போர்டு. தேள், பாம்பு, மயில், ரோஜா... எதைத் தொட்டுக் காட்டுகிறோமோ அது கையில் ஏறிவிடும்.

ராஜாமணி கையைக் காட்டினாள். அவர் பார்த்தவுடனேயே, "மயில் போட்டு மூடிருவோம்க்கா. எழுத்து இருந்த எடமே தெரியாது" என்றார்.

"மூட வேணாம். அடிச்சு விடுங்க. ஒரே கோடு."

மனிதர் மெஷினை நிறுத்திவிட்டார். "யாரு பேரு இது?"

"புருசன்."

"இருக்காரா?"

"நல்லா இருக்காரு. வாடிப்பட்டியில."

"யம்மா, நான் புள்ளகுட்டிக்காரன். உசுரோட இருக்கிற மனுசன் பேரை அடிக்கிறது பாவம். மயில்னா சொல்லுங்க, போட்டுருவோம்."

மயிலால் மூடினால் பாவமில்லை, கோடு போட்டால் பாவம்... இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பெண்பிள்ளை தன் கஷ்டத்தை அழகாக மூடிவைத்துக்கொண்டால் ஊருக்குச் சந்தோஷம். இதுதான் கஷ்டம் என்று காட்டினால்தான் எல்லாருக்கும் பாவ புண்ணியம் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது ஆள், பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே குடை விரித்து உட்கார்ந்திருந்தவர். இவர் நேர் எதிர். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "போட்டுருவோம், உக்காருங்க" என்றார். எதைப் போடுவது என்றுகூடக் கேட்கவில்லை! ராஜாமணி உட்காரப் போனவள் நின்றுவிட்டாள். முன்னால் ஒருவர் புஜத்தில் குத்தி எடுத்த அதே ஊசியை, இடுப்புத் துண்டில் ஒரு துடைப்புத் துடைத்து, அடுத்த ஆளின் கைக்குக் கொண்டுபோனார்.

"சாம்பாருல கெடந்த கரண்டியையே கழுவாம நான் மோருல விட மாட்டேன். வாங்கக்கா போவோம்."

"மாமா, என்ன போறீங்க? வலிக்காம குத்துவேன்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மாமா எங்கே வந்தார்? யாரைப் பார்த்தாலும் அதே கூப்பாடுதான் போலிருக்கிறது.

மூன்றாவது ஆளைச் சொன்னது எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர். அவனியாபுரத்தில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் போர்டு எழுதுகிறவர் சேவியர். நம்பர் பிளேட், லாரிக்குப் பார்டர் கோடு, மிச்ச நேரத்தில் பச்சை. போனோம். ஈர நம்பர் பிளேட்டுகள் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. சேவியருக்குப் பேச்சு அதிகம். தன்னைப் பற்றித்தான் பாதிப் பேச்சு.

"இந்த ரோட்டுல போற லாரியில பாதிக்கு என் கோடுதான் தங்கச்சி. ஒண்ணு வளைஞ்சிருந்தா என் கையை வெட்டிக்கிறேன்!"

ராஜாமணி மசியவில்லை. "லாரி இருக்கட்டும். நீங்க பச்சை குத்துன கை எதாச்சும் காட்டுங்க. நேத்துக் குத்துனது வேணாம். குத்துன அன்னைக்கு எல்லாமே அழகாத்தான் இருக்கும். பழசாக் காட்டுங்க."

சேவியர் உள்ளே திரும்பி, "ஜெபமணி!" என்றார். மாவுக் கையோடு அவர் சம்சாரம் வந்தார். கையைக் கழுவிவிட்டு நீட்டினார். சின்னச் சிலுவை. பெரிய மகள் பிறந்தபோது குத்தியதாம். அந்த மகள் இப்போது காலேஜ் போகிறாள். நிறம்தான் கொஞ்சம் மங்கியிருக்கிறது. கோடு ஊறிப் பரவவில்லை, கோணவில்லை.

"சொல்லு தங்கச்சி, உனக்கு என்ன போடணும்?"

சொன்னாள். பேசிக்கொண்டே இருந்த மனிதர் பிரஷைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "கோவத்துல வந்திருந்தா திரும்பிப் போயிரு. நாளைக்கே ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா, கோட்டை எடுக்க முடியாது" என்றார்.

"பேரை எடுக்க முடியாதுன்னு அன்னைக்கு யாரும் எனக்குச் சொல்லலையேண்ணே" என்றாள் ராஜாமணி.

இதற்குப் பதில் சொல்ல ஜெபமணிதான் முந்திக்கொண்டார்: "போட்டு விடுங்க. நான் அடுப்புல வெந்நி வைக்கிறேன், ஊசியைப் போடுங்க."

ஊசி கொதிக்கும்போது, சேவியர் வேறு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "கையை அதிகமா எப்படி வச்சிருப்ப?"

"எதுக்கு?"

"கை என்ன தகரமா? நீட்டி வச்சு நேராப் போட்டா, மடக்கும்போது கோணிரும். மயில் படம்னா சமாளிக்கலாம், எறகுக்குள்ள பிசகு ஒளிஞ்சுக்கிரும். ஒத்தைக் கோட்டுக்கு ஒளிய எடமில்லை. எப்ப நேராத் தெரியணும்னு சொல்லு."

ராஜாமணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவர்தான் ஆள்!

பெயிண்ட் கலக்கும் கட்டையை வாங்கி, கரண்டி பிடிப்பது மாதிரிப் பிடித்தாள். முழங்கை கொஞ்சம் மடங்கி, மணிக்கட்டு கொஞ்சம் திரும்பி... பந்தியில் குனிந்து சோறு வைக்கிற கை.

"இப்படி நிக்கும்போது நேரா இருக்கணும். மத்த நேரத்துல எப்படியும் போகட்டும்."

"அப்ப ஆடாம நில்லு."

நின்றாள். மெஷின் வண்டு மாதிரி இரைந்தது. வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "முன்ன குத்துனப்ப அழுதேன்க்கா. இப்ப அம்புட்டு வலிக்கலை" என்றாள். 'செ'யில் ஆரம்பித்து 'டி'யைத் தாண்டிப் போய் நின்றது கோடு. அடியில் எழுத்துகள் அப்படியே தெரிந்தன. அவள் கேட்டதும் அதுதான்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் வீட்டுக்காரரே, "என்ன இருந்தாலும் ஒரு ஆம்பளை பேரு..." என்று இழுத்தார். அந்த 'என்ன இருந்தாலும்' என்பதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார்.

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. அன்று சாயங்காலமே ராஜாமணி பஸ் ஏறி வந்து சொன்னாள். பந்தி உட்கார்ந்திருக்கிறது. கரண்டியோடு இவள் கை நீள்கிறது. புதிதாக இரண்டாங்கிளாஸ் வந்த ஒரு பெண்பிள்ளை எழுத்துக் கூட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்ததாம். சிலேட்டில் கணக்கு தப்பாகப் போனால் அவர்கள் கிளாஸ் டீச்சர் இப்படித்தானே குறுக்கே கோடு போடுவார்?

"டீச்சர்... இது தப்பா டீச்சர்?"

"ஆமாத்தா, தப்பு. தட்டை நீட்டு."

பிள்ளை தட்டை நீட்டியது. அடுத்த பிள்ளையும் நீட்டியது. யாரும் மறுபடி கூட்டிப் படிக்கவில்லையாம். அடித்ததை எந்தப் பிள்ளை படிக்கும்?

வாடிப்பட்டிக்காரருக்குச் சேதி போயிருக்கும். அவர் கவலைப்பட வேண்டாம்... அவர் பெயர் அவர் கையில் பத்திரமாகத்தான் இருக்கிறது!