புதன்கிழமைக்கு ஒரு விடுப்புக் கடிதம்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று சொன்னால் அதுவே ஒரு பொய். நாகல் நகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்தபோது, முதல் மூன்று தடவையும் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உடம்பு கல் மாதிரி இருந்தது. நான் போனது என்னவோ ஆஸ்பத்திரிக்குத்தான். மார்பில் கட்டி எதுவும் இல்லையே என்று லேடி டாக்டரிடம் பார்த்துக்கொள்வதற்கு.

காரணம் என் அக்கா. வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு வானம் பார்த்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்று, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, என்னிடம் மட்டும் சொன்னாள். டவுனுக்கு வா, காட்டலாம் என்றேன்.

"கடலை புடுங்கி முடிக்கட்டும் புள்ள, வாரேன்" என்றாள்.

கடலை முடிந்ததும் மகளுக்குச் சடங்கு வந்தது. சடங்கு முடிந்ததும் ஊர்ச் சாமி கும்பிடு. ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்" என்பாள். அப்படிப் போன வாரங்களை நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். கடைசியில் நானே போய் வண்டி கட்டிக் கூட்டி வந்தபோது, டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா இத்தனை நாளு?" என்றார். அடுத்த ஆடியில் அக்கா இல்லை.

அவள் காரியம் முடிந்த கையோடு நான் அதே டாக்டரிடம் போய் நின்றேன். கூடப் பிறந்தவளுக்கு வந்திருப்பதால் நீ சும்மா இருக்கக் கூடாது என்றார். மாதம் ஒருமுறை குளிக்கும்போது நானே தடவிப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் வர வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் உட்காருவது புதன்கிழமை மட்டும். பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம், காத்திருப்பதற்கு அரை நாள்.

அந்த அரை நாளை எங்கிருந்து பிடுங்குவது? வீட்டுக்காரருக்கு மில் வேலை. விடியுமுன் அவருக்குத் தூக்குவாளியில் சோறும் வெஞ்சனமும் கட்டியாக வேண்டும். பிறகு இரண்டு பிள்ளைகளுக்குத் தலை வாரி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மணியடிப்பதற்குள் பள்ளிக்கு ஓட வேண்டும்.

"நல்லா இருக்கிறவ எதுக்குடி ஆஸ்பத்திரிக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா இருக்கேனான்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தடுத்திருந்தாலும் போயிருப்பேன்.

ஆனால் பள்ளியில் அந்தத் தைரியம் வரவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், கறாரானவர். விடுப்புக் கடிதத்தை எழுத்தெண்ணிப் படிப்பார். மாமனாரை இரண்டு தடவை சாகடித்த ஒரு வாத்தியார் அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்ததை நானே பார்த்திருக்கிறேன். நாலாவது தடவை, செவ்வாய்க்கிழமையே நான் நீட்டிய கடிதத்தையும் அப்படித்தான் படித்தார்.

"ஏன் டீச்சர், ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் புதன்கிழமையாப் பாத்து வருதே, இது என்ன காய்ச்சல்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர்கள் மேல் இல்லை, என் மேல். வெளியே சொல்ல வெட்கப்பட்டே அக்கா போய்ச் சேர்ந்தாள். நானும் அதே வெட்கத்தைத்தானே காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்? கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். அங்கேயே நின்றபடி வேறொன்று எழுதினேன்.

'எனக்கு நோய் எதுவும் இல்லை. மார்பகத்தில் கட்டி ஏதும் உள்ளதா என்று லேடி டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், நாளை ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

படித்தவருக்குக் காது சிவந்துவிட்டது. தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். கடிதத்தைக் கோப்பில் வைக்கவில்லை. யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று மேஜை இழுப்பறையின் அடியில் செருகிப் பூட்டினார். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் எழுத்து மாறாமல் அதே கடிதத்தைக் கொடுப்பேன். அவரும் அதே மாதிரி பூட்டி வைப்பார்.

ஒரு வருஷம் என் புதன்கிழமையும் இன்ஸ்பெக்டர் வருகிற நாளும் ஒன்றாக வந்து தொலைத்தன.

"அடுத்த வாரம் போங்களேன் டீச்சர்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லித்தான் சார் எங்கக்கா செத்துச்சு" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கமாக அதே வாக்கியத்தை மறுபடி எழுதிக் கொடுத்தேன். அதுவும் இழுப்பறைக்குள் போனது.

முழுப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இன்னொரு மெமோ என்று நினைத்து, பதிலைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். அவர் இழுப்பறையைத் திறந்தார். என் கடிதம் ஒன்றை எடுத்து மேஜை மேல் விரித்து, மார்பகம் என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"வீட்டுல..." என்றார்.

"கட்டியா சார்?"

தலையாட்டினார். "மூணு மாசமா இருக்காம். நேத்துத்தான் சொன்னா. பரீட்சை முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்னு..."

"நாளைக்குப் புதன்கிழமை சார்."

"டீச்சர், பரீட்சை நேரத்துல நானே லீவு போட்டா..."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்து பள்ளித் தாளாளருக்கு எழுத ஆரம்பித்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். காய்ச்சலை அடித்துவிட்டு, என் கடிதத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பார்த்து எழுதினார்.

மறுநாள் டாக்டர் ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மாவைப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. உடனே மதுரைக்குப் போகச் சொன்னார். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஒரு மார்பு போயிற்று, ஆள் பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு புதன்கிழமை எங்கள் பள்ளியில் இரண்டு பேர் விடுப்பு. ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஹெட்மாஸ்டர் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார். அந்த அம்மா கதை கதையாய்ப் பேசிக்கொண்டிருப்பார். சிரித்தால் கன்னத்தில் அக்காவுக்கு விழுகிற மாதிரியே குழி விழும். அப்போதெல்லாம் நான் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.