ரம்புத்தான் மரத்தில் காய்த்த ரெக்கார்ட்

நனைந்த அட்டையும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசம்...

பழைய ரெக்கார்ட் உறையைத் திறந்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான். தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் அறை முழுக்க அந்த வாசம். என் வயதுப் பெண்கள் சம்பளத்தில் வளையல் வாங்கினார்கள். நான் பழைய ஜாஸ் ரெக்கார்டுகளாக வாங்கிக் குவித்தேன்.

எல்லாம் ராப் பைத்தியம்தான். ராப் பாட்டுக்குப் பின்னால் ஓடும் இசை பாதிக்குப் பாதி இரவல். ஏதாவது பழைய ஜாஸ் ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடுவார்கள். கேசட்டில் கேட்ட துண்டை மூல ரெக்கார்டில் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே... அது ஒரு தனிப் போதை.

என் சித்தி மகன் சேகர் தமிழில் ராப் எழுதுவான். கிள்ளானில் ஒரு ராப் போட்டி அறிவித்தார்கள். பின்னணிக்கு அவன் மனசு ஒரே ஒரு பியானோ துண்டில் போய் ஒட்டிக்கொண்டது. எங்களிடம் இருந்த கேசட்டில் அதன் மேல் ஒரு அமெரிக்கக்காரர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூட எங்களால் முடியாது. வெறும் பியானோ வேண்டுமென்றால் மூல ரெக்கார்ட் வேண்டும்.

அது சாலாக் செலாத்தானில் ஒருவரிடம் இருந்தது; ஒரு கல்யாண விருந்தில் அவர் அதைப் போட்டு நாங்களே கேட்டிருக்கிறோம். வீட்டில் தனபாலன், வெளியே டிஜே டேனி. ரெக்கார்டின் நடுவில் பெயர் போட்டிருக்கும் வட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் காலத்து டிஜேக்கள் பல பேர் அப்படித்தான். என்ன ரெக்கார்ட் என்று அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

இரவல் வேண்டாம், பெயரையாவது சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டேன்.

"பொம்பள பிள்ளைக்கு எதுக்குமா இந்த வேலை? போய் டேன்ஸ் கீன்ஸ் கத்துக்கோ லா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் காது சூடாகவே இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேடல்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர், ஸ்ரீ கெம்பாங்கானில் வீடு வீடாகப் பழையது எடுக்கும் காராங் குனிக்காரர்... யாரையும் விடவில்லை. பெயர் தெரியாத பொருளை என்னவென்று கேட்பது? "பியானோ இப்படிப் போகும்" என்று வாயாலேயே வாசித்துக் காட்டினேன். பழைய சாமான்காரர் எனக்காகப் பரிதாபப்பட்டு, வெயிலில் அலையாதே என்று ஒரு குடை கொடுத்தார்.

போட்டிக்கு முந்தின வாரம். சேகரின் அத்தையைப் பார்க்கக் காப்பார் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போனோம். வாசலில் ரம்புத்தான் மரம், நல்ல காய்ப்பு. அதில் கறுப்பாக, வட்டமாக ஏதோ காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

ரெக்கார்டுகள்.

பறவையும் அணிலும் பழத்தைத் தின்னாமல் இருக்க, நடு ஓட்டையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருந்தார் அத்தை. மாமா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தவர். துரை ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயர் வட்டங்களை மழையும் வெயிலும் வெளுத்து வழித்திருந்தன. ஒவ்வொரு ரெக்கார்டும் சுட்ட அப்பளம் போல வளைந்திருந்தது.

"எடுத்துக்கோ பிள்ள. ஆனா அணில் வந்துச்சுன்னா நீதான் வந்து விரட்டணும்" என்றார் அத்தை. காலிப் பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தோம்.

வெயில் வளைத்ததை வெயிலாலேயே நிமிர்த்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை. ரெக்கார்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துப் பின்வாசல் சிமெண்டில் காயவிட வேண்டும். கண்ணாடிக்கு எங்கே போவது? ஒன்று, அப்பாவின் ரயில்வே குரூப் போட்டோவிலிருந்து. இன்னொன்று, சாமி படத்திலிருந்து. அன்றைக்கு அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். ஏதேதோ டிரம்பெட், ஏதேதோ டிரம்ஸ். சேகர் நம்பிக்கை இழந்து வேறு பாட்டுக்குத் தாவிவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊசி கரகரவென்று கொஞ்சம் ஓடி...

அதே பியானோ. மேலே யாரும் பேசவில்லை.

நானும் சேகரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்த அம்மாவையும் பிடித்துச் சுற்றினேன்.

முழுக்க நிமிரவில்லைதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி படகு மாதிரி ஏறி இறங்கியது. பியானோவும் கூடவே லேசாக அலைந்தது. கேசட் டெக்கில் ஓட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனில் விரலை வைத்து, அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பதிந்தேன். விரல் வீங்கிவிட்டது.

கிள்ளான் மண்டபத்தில் அந்தப் பியானோ அலைந்து அலைந்து வர, சேகர் அதன் மேல் தமிழைக் கொட்டினான். பின் வரிசைப் பையன்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். முதல் பரிசு எங்களுக்கு. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

டிஜே டேனி நேராக என்னிடம் வந்தார்.

"பேரு யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல அண்ணே. மரத்துல காய்ச்சிருந்துச்சு, பறிச்சுக்கிட்டு வந்தேன்."

அவர் முகம் போன போக்கு... அதுதான் எனக்கு உண்மையான கோப்பை!

அன்றைக்கு ஒரு துண்டு இசைக்காக மாநிலமெல்லாம் அலைந்தோம். இப்போது போனை நீட்டினால் பெயர், ஆண்டு, வாசித்தவர் எல்லாம் வந்து விழுகிறது. போன வாரம் என் மகள் சொன்னாள்: "அம்மா, இத்தனை வருஷமா பேரு தெரியாம வச்சிருக்கீங்களே. ஒரு நிமிஷம் லா, நான் கண்டுபிடிக்கிறேன்."

ரெக்கார்டைப் போட்டேன். ஊசி ஏறி இறங்கியது. பியானோ அலைந்தது. போன் கேட்டது, யோசித்தது, மறுபடி கேட்டது. மகளும் விடவில்லை, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

அது எப்படிக் கிடைக்கும்? இப்படி அலைகிற பியானோ உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.